பிராட்மனுக்கு ஒரு மார்க்

குலசேகரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பிய ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டுவிட்டேன். பாதி ஷார்ஜா வெயில், மீதி மருமகனின் மெஸ்ஸி ஃபுட்பால் கார்டு. பதிலையும் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உனக்கே தெரியும். அதனால்தான் கடிதம்.

இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதால் கடைக்கு ஷீட் வரத்தும் இல்லை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை. உன் வீட்டு மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது. உன் தம்பி எனக்கு ஒரு சீப்பு கொண்டுவந்து கொடுத்தான், உன் பங்கையும் சேர்த்து நானே தின்றேன். அம்மாவுக்கு முட்டுவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இனி கார்டுக்கு வருகிறேன். கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடும் கம்பெனிகளில், "எந்தக் கம்பெனிக்கு அனுப்பினால் பத்து கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். நானும் அந்தக் கேள்வியோடு தொடங்கியவன்தான். இப்போது கேட்டால், அந்தக் கார்டை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று சொல், கம்பெனியை அப்புறம் பார்ப்போம் என்பேன்.

நம்ம கடையில் நடப்பதை நீ எத்தனையோ தடவை திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஒருத்தர் ஷீட் கட்டை இறக்குவார். நான் நடுவிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். குமிழி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, புகை சரியாக ஏறாமல் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு "அஞ்சு" என்பேன். அவர் "நல்லா பாருங்க, நாலாக்கும்" என்பார். புகை போட்ட ஷீட்டின் தர வரிசைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பேர், எண் குறைந்தால் தரம் கூடும். அதில் நாலுக்கும் ஐந்துக்கும் கோட்டயத்தில் ரப்பர் வாரியம் தினமும் தனித்தனியாக விலை போடுகிறது. ஆனால் கையில் இருக்கும் ஷீட் நாலா ஐந்தா என்று சொல்வது என் கண். காலையில் ஐந்து சொன்னதற்கு மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டபின் நாலு சொன்னதும் உண்டு. இதை வெளியே சொல்லிவிடாதே.

கார்டு கிரேடிங்கும் இதே வேலைதான். நடுவாக அச்சாகியிருக்கிறதா, நாலு மூலை எப்படி, ஓரம் எப்படி, மேற்பரப்பில் கீறலோ அச்சுக்கோடோ உண்டா என்று பார்ப்பார்கள். வெட்டியது, சாயம் தொட்டது, போலி எல்லாம் இந்தச் சோதனையில் கழிய வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கூட்டைத்தான் ஸ்லாப் என்கிறார்கள்.

நீ கேட்ட நாலு கம்பெனிகளில் (பி.எஸ்.ஏ., பெக்கெட், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி.) பி.எஸ்.ஏ.தான் மூத்தது, 1991 முதல் இருக்கிறது. சந்தையில் அதன் பேருக்குத்தான் மதிப்பு அதிகம். விற்கிற எண்ணம் இருந்தால், புதுக்கார்டுக்கு அங்கே போவதுதான் புத்தி. ஒரே கார்டு, ஒரே நிலைமை, ஆனால் பி.எஸ்.ஏ. பத்து என்றால் வாங்குகிறவன் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அவர்கள் பத்து போட, முன்பக்கத்தில் ஒரு ஓரத்தின் அகலமும் எதிர் ஓரத்தின் அகலமும் சுமார் 55-45 விகிதத்துக்குள் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் 75-25 வரை விட்டுக்கொடுப்பார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே அங்கே அரை மார்க் கிடையாது. அந்த ஒரு படி தவறினால் விலை அப்படியே சரியும். 2021 மார்ச்சில் கார்டு மலைபோலக் குவிந்து, பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைத்தார்கள். கொரோனா காலத்தில் உலகம் முழுக்க அட்டைப்பெட்டியைத் திறந்து பழைய கார்டைத் தேடியிருக்கிறது, நம்மை மாதிரி.

பெக்கெட் வேறு குணம். விலைப் பட்டியல் புத்தகம் போட்டுப் பேர் வாங்கியவர்கள், கிரேடிங்குக்கு வந்தது 1999இல். நடு, மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நாலுக்கும் தனித்தனி மார்க் போட்டுக் கொடுப்பார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். பையன் கணக்கில் எங்கே கோட்டைவிட்டான் என்று தெரியாமல் மொத்த மார்க்கை மட்டும் பார்த்து என்ன செய்ய? நாலிலும் பத்து வாங்கினால் கறுப்பு லேபிள், அதற்கு பி.எஸ்.ஏ. பத்தைவிட அதிக விலை கிடைக்கும். ஆனால் ஒன்பதரையோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. பத்தின் விலை வராது.

எஸ்.ஜி.சி.யைப் பழைய கார்டுக்காரர்கள் விடமாட்டார்கள். கறுப்புச் சட்டத்துக்குள் பழைய கார்டை வைத்தால் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை மாதிரி இருக்கும். புதுக்கார்டுக்கு அவர்களுடைய பத்து கொஞ்சம் மலிவாகத்தான் போகிறது. அதற்காக இளப்பமாக நினைத்துவிடாதே. 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரருக்கு டாப்ஸ் கம்பெனி போட்ட 1952 கார்டு எஸ்.ஜி.சி. கூட்டில்தான் இருந்தது, ஒன்பதரை. இதில் ஒரு வேடிக்கை: பி.எஸ்.ஏ.வின் தாய்க் கம்பெனியே 2024இல் எஸ்.ஜி.சி.யை வாங்கிவிட்டது. எதிரெதிர்க் கடை, முதலாளி ஒருத்தர். நம்ம சந்தையில் பார்க்காததா!

சி.ஜி.சி. நாணயமும் காமிக்ஸும் பார்த்து வளர்ந்த குடும்பம். போக்கிமான் மாதிரி விளையாட்டுக் கார்டில் அவர்களுக்கு நல்ல பிடி உண்டு, கிரிக்கெட் ஃபுட்பால் கார்டில் அவ்வளவு இல்லை. டாக் (TAG) என்று இன்னொரு கம்பெனியும் வந்திருக்கிறது. கார்டை மெஷின் படம் பிடித்து ஆயிரத்துக்கு மார்க் போடுகிறது. மத்தியான மீன்கறி பாதிக்காத கண் என்று வைத்துக்கொள்.

இவ்வளவு சொன்னாலும், பேரை மட்டும் நம்பாதே. பி.எஸ்.ஏ. முதன்முதலில் கூட்டில் அடைத்தது ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கார்டு. நூறு வருஷத்துக்கும் முந்தைய சிகரெட் கார்டு அது. வரிசை எண் ஒன்று, மார்க் எட்டு. அந்த வயதுள்ள கார்டுக்கு எட்டு என்றால் அதிசயம். 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஓரம் இவ்வளவு கூர்மையாக எப்படி இருக்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கடைசியில் அதை முன்பு விற்றிருந்த பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், 2013இல் கோர்ட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஓரத்தை வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். வெட்டின கார்டுக்கு எண்ணே போடக்கூடாது என்பது கிரேடிங் விதி. அவர்களுடைய முதல் கார்டே அப்படி! இதைப் படித்த அன்றைக்கு, என் ஐந்தை நாலு என்று வாதாடின எல்லாரையும் நினைத்துக்கொண்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, வெட்கம்.

தாத்தா கொழும்பில் இருந்த காலத்து டிரங்குப்பெட்டியில் ஒரு ஆல்பம் கிடந்தது நினைவிருக்கிறதா? ஜான் பிளேயர் சிகரெட் கம்பெனியின் 1938 கிரிக்கெட் வரிசை, 50 கார்டு. அந்தக் கார்டுகளுக்குப் பின்னால் கம்பெனியே பசை தடவிக் கொடுத்தது. நனைத்து ஒட்ட வேண்டியதுதான். ஆல்பம் ஒரு பென்னி. தாத்தா ஒழுங்கான மனிதர், எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார். 1948இல் பிராட்மன் இங்கிலாந்து போகிற வழியில் கொழும்பில் ஆடியதை நேரில் பார்த்ததாகச் சொல்வார். பிட்ச் சின்னதாக இருக்கிறதே என்று பிராட்மனுக்குச் சந்தேகம் வந்து, அளந்து பார்த்தால் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜம்தான் இருந்ததாம். தாத்தா சொன்னதில் பாதி புளுகு என்று நினைத்திருந்தேன். அது உண்மையாகவே நடந்திருக்கிறது.

எனக்கு பிராட்மனைத் தனியாக எடுத்து கிரேடு பண்ண ஆசை. ஆவியில் காட்டினால் பசை இளகும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். வீட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து இட்லிப் பானையை ஏற்றினேன். மூடியைத் தள்ளிவிட்டு, ஆல்பத்தின் பக்கத்தை ஆவிக்கு மேலே பிடித்தேன். ஒரு மூலை மெல்ல எழும்பியது. ஈர்க்குச்சியைச் செருகி நகர்த்தினேன். பாதி தூரம் வெண்ணெய் மாதிரி வந்தது. அப்புறம் 'பர்ர்' என்று ஒரு சத்தம். பின்பக்க எழுத்தில் முக்கால் பங்கு ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. முன்பக்கத்தில் பிராட்மன் ஒன்றுமே நடக்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

விடவில்லை நான். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது அவனிடம் கொடுத்து எஸ்.ஜி.சி.க்கு அனுப்பவைத்தேன். கூடவே ஒரு டெண்டுல்கர் கார்டு பி.எஸ்.ஏ.க்கு. நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடையில் வாங்கினது, நமக்குப் பள்ளிக்கூடத்தில் ட்ரம்ப் கார்டு பைத்தியம் பிடித்திருந்த காலத்தில். மாசக்கணக்கில் காத்திருந்து ரிசல்ட் வந்தது. பிராட்மனுக்கு ஒன்று. சச்சினுக்கு ஐந்து. சச்சின் ஏன் ஐந்து என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால், இரண்டு நீள ஓரத்திலும் நடுவில் சின்னப் பள்ளம். ட்ரம்ப் கார்டுக் கட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேனே, அது. ரப்பர் வியாபாரிக்கு ரப்பரால் வந்த கேடு. இரண்டு மார்க்கும் நியாயமான மார்க். குறை சொல்ல ஒன்றுமில்லை.

செலவையும் கேட்டுக்கொள். நான் அனுப்பியபோது சாதாரண வரிசையிலேயே ஒரு கார்டுக்கு இருபது முப்பது டாலர் ஆனது, போகவர பார்சல், இன்ஷூரன்ஸ் தனி. கார்டின் மதிப்பு கூடினால் கட்டணமும் கூடும். மார்க் போட்டபின் மதிப்பு எகிறிவிட்டால் மிச்சத்தையும் கட்டச் சொல்வார்கள். என் பிராட்மனை விற்றால் அந்தச் செலவுகூடத் தேறாது.

இப்போது மருமகனின் மெஸ்ஸி. 2022 உலகக்கோப்பைக்கு வந்த ப்ரிஸம் என்ற வரிசையில் உள்ள கார்டு என்கிறாய், அவனே பாக்கெட் பிரித்து எடுத்தது என்கிறாய். முதலில் அது சாதாரணக் கார்டா, வெள்ளி மினுக்குக் கார்டா என்று பார். சாய்த்தால் வானவில் ஓடினால் வெள்ளி. சாதாரணமானது என்றால் பத்து கிடைத்த கார்டே ஏராளம். எந்தக் கார்டுக்கு எத்தனை பத்து போட்டோம் என்று கம்பெனியே கணக்கு வெளியிடுகிறது, அதைப் பார்த்தால் உனக்கே தலை சுற்றும். ஒன்பது வந்தால் கட்டணத்துக்கே பற்றாது. அனுப்பாதே. வெள்ளி என்றால் யோசிக்கலாம். இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கார்டை மெதுவாகச் சாய்க்கச் சொல். மினுக்குக் கார்டில் தலைமுடி கனத்தில் நேர்கோடு ஒன்று அச்சிலேயே விழுந்திருக்கும், அதுதான் பத்தைக் கெடுக்கிற எமன். பின்பக்க மூலையில் ஊசிமுனை வெள்ளை தெரிகிறதா என்றும் பார்க்கணும். மேலே துணி வைத்துத் துடைக்கவே கூடாது. மெல்லிய உறை போட்டு, அதன்மேல் கெட்டி உறை. பி.எஸ்.ஏ.க்கு அனுப்புவதானால் கார்டு சேவர் என்ற, வளைந்து கொடுக்கும் உறையில் வைத்துத்தான் அனுப்பணும்.

விற்கவே போவதில்லை, மேசைமேல் வைத்துப் பார்க்கத்தான் என்றால் இதொன்றும் வேண்டாம், லேய். காந்தம் வைத்த கூடு கடையில் கிடைக்கும், அதில் போட்டுக் கொடு. பையன் வேண்டும்போது திறந்து கையில் எடுத்துப் பார்ப்பான். என் பிராட்மனை இனி நான் தொட முடியாது. கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஷீட் கொண்டுவருகிறவர்கள் "இது யாரு?" என்று கேட்கிறார்கள். சொன்னால், "அவருக்கே ஒண்ணுதானா, அப்ப எனக்கு நாலு தரலாம்" என்கிறார்கள்.

முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை என்று ஆறு படம் எடுத்து அனுப்பச் சொல். கூடவே ஓரங்களை ஸ்கேலில் அளந்து மில்லிமீட்டர் கணக்கு எழுதட்டும். என் மார்க்கை நான் சொல்கிறேன், அவன் மார்க்கை அவன் எழுதி வைக்கட்டும். கிறிஸ்மஸுக்கு வரும்போது பத்து மடங்கு பெருக்கும் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிவா. என்னிடம் இருப்பது தட்டானிடம் இரவல் வாங்கியது, திருப்பிக் கேட்டுவிட்டார்.

உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: ஆல்பத்தில் மீதி 49 பேரும் பத்திரம். வீட்டில் இட்லிப் பானையை ஏற்றினால் அம்மா முதலில் ஆல்பம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாள்.