புளியரைச் சாலையில் லாரி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜல்லியும் எம்-சாண்டும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போகும் ஓட்டுநர் தம்பிகளுக்கு, சாலையோரத்து வீட்டு ஆச்சி எழுதுவது.

மாசி முடியப்போகிறது. விடியலில் பனி, எட்டு மணிக்கு மேல் இதமான வெயில், கணவாய்ப் பக்கமிருந்து மெல்லிய காற்று. பங்குனி பாதி போனால் இந்த இதம் இருக்காது. என் பேத்திக்கு ஒன்றேகால் வயது. போன மாசியில் தொட்டிலில் கிடந்தவள். தன் காலால் நடந்து பார்க்கும் முதல் மாசி இதுதான்.

நேற்று அவளை முற்றத்தில் இறக்கிவிட்டேன். வேம்பு பழுத்த இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. கிளை நுனியெல்லாம் செந்தளிர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒவ்வோர் இலையாகப் பொறுக்கி என் பித்தளைச் செம்பில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கை நிறையச் சேர்ந்ததும் கவிழ்த்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். முக்கால் மணி நேரம்! நான்கு பிள்ளைகளை வளர்த்தவள் நான். வயலுக்கும் அடுப்புக்கும் நடுவே இப்படி உட்கார்ந்து பார்க்க அன்றைக்கு வாய்க்கவே இல்லை.

அப்போதுதான் வளைவில் ஏர்ஹாரன் அலறியது. செம்பு கைநழுவி உருண்டது. அவள் அழவில்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாய் திறந்தபடி மூச்சடைத்து நின்றவள், ஓடிவந்து என் சேலையில் முகம் புதைத்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது என் முழங்காலில் தெரிந்தது. பிறகு எவ்வளவு கூப்பிட்டும் முற்றத்தில் இறங்கவில்லை.

உங்கள்மேல் எனக்குப் பகையில்லை. இரவெல்லாம் விழித்து ஓட்டிய கண்களைத் தெருமுனை டீக்கடையில் பார்த்திருக்கிறேன். வண்டிகள் மலை தாண்டக் கூடாது என்றும் சொல்லமாட்டேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது. நான் கேட்பது ஹாரனைப் பற்றி மட்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி, பல சுரங்களில் மாறி மாறி ஒலிப்பவற்றையும் காதைத் துளைப்பவற்றையும் தடை செய்கிறது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. சாதாரண ஹாரனே அந்த வளைவுக்குப் போதும். வேகத்தைக் குறைத்தால் அதுவும் பல நேரம் தேவைப்படாது.

மலையாளம் மட்டும் தெரிந்த ஓட்டுநர்களுக்கு, டீக்கடையில் நிற்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள். வாசலில் வேம்பு நிற்கும் வீடு எங்களுடையது. எட்டரையிலிருந்து பத்து மணிவரை அவளை முற்றத்தில் வைத்திருப்பேன். நேற்றுவரை ஒவ்வொரு லாரிக்கும் கையசைத்தவள் அவள்.