மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் ஆவாரம்பூ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பொறுப்போடு எழுதியிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பேப்பருக்குள் மஞ்சள் தாளில் ஒரு நோட்டீஸும் இருந்தது. சர்க்கரை நோய் அடியோடு தீருமாம். 48 நாளில் மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் விட்டுவிடலாமாம். மாதம் ஒருநாள் பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வைத்தியரைப் பார்க்கலாமாம். அவர் என்ன படித்தவர், பதிவு எண் என்ன, பொடியில் என்ன சேர்கிறது, ஒன்றும் இல்லை. செல்போன் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

நான் வில்லாபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்தப் பொடிகள் என்ன செய்யும் என்பதைக் கடையிலேயே பார்க்கிறேன். மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறவர் திடீரென்று வருவதை நிறுத்திவிடுவார். அப்புறம் ஒருநாள் வருவார், சீட்டில் இன்சுலின் எழுதியிருக்கும், இல்லையென்றால் காலில் கட்டோடு வருவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதையும் பரணில் போட்டுவிட்டுப் பொடிக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

சிலர் மாத்திரையையும் விடாமல் பொடியையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். அவனியாபுரத்திலிருந்து எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மா அப்படித்தான். ஒருநாள் முற்பகலில் வந்தவர், சீட்டை நீட்டும்போதே கை நடுங்கியது. முதுகில் ஜாக்கெட் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. "ஏத்தா, கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52-க்கு இறங்கிக் கிடந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, மகனுக்குப் போன் போட்டு வரவழைத்து டாக்டரிடம் அனுப்பினோம். அவர் பையில் லேபிளே இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. "பொடி நல்லாக் கேக்குதுத்தா, ஒரே வாரத்துல முன்னூறு நூத்தம்பதுக்கு வந்திருச்சு" என்று முந்தைய மாதம்தான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயமே அங்கேதான். வெந்தயத்தையோ நாவல் கொட்டையையோ பாகற்காயையோ நான் குறை சொல்ல வரவில்லை. வெந்தயத்தின் நார்ச்சத்து, சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை மெதுவாக்குகிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்கிற மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. ஆனால் இவையெல்லாம் நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்யும். ஒரு பொடி ஒரே வாரத்தில் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டது என்றால் சந்தேகப்பட வேண்டும். மூலிகை என்று சொல்லி விற்ற சர்க்கரை மருந்துகளில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற, சர்க்கரையை இறக்குகிற இங்கிலீஷ் மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருந்ததை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கிளிபென்கிளமைடு உடம்பில் வெகுநேரம் நிற்கிற மருந்து. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அந்த அம்மா டாக்டர் எழுதிக்கொடுத்த கிளிமிபிரைடு மாத்திரையைத் தினமும் போடுகிறவர். அதுவும் சர்க்கரையை இறக்குகிற மருந்துதான். அதன்மேல் பெயர் தெரியாத எதைச் சேர்த்தாலும் வினைதான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை கிடைக்கும், அல்லது அபராதம், அல்லது இரண்டும். அச்சடித்துக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் வெளியானபோது தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அத்தனை வீட்டுக்கும் இந்த நோட்டீஸ் போய்ச் சேருகிறது.

மூலிகையில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்தப் பிரிவுக்குப் போகலாம். படித்த சித்த மருத்துவர் அங்கே இருக்கிறார், மருந்தும் இலவசம். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள். அதேபோல, என்ன பொடி சாப்பிடுகிறோம் என்று இங்கிலீஷ் டாக்டரிடமும் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து நிறையப் பேர் மறைத்துவிடுகிறார்கள்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். இப்படிப்பட்ட நோட்டீஸ்களைப் பேப்பருக்குள் வைத்துப் போடக்கூடாது என்று தங்கள் முகவர்களுக்குச் சொல்லுங்கள். விளம்பரப் பகுதிக்கும் அதே கட்டுப்பாட்டை வையுங்கள். அந்த நோட்டீஸின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன், மாவட்டச் சித்த மருத்துவ அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். வைத்தியர் அடுத்து வரும் தேதி அதிலேயே இருக்கிறது. அன்றைக்குத் தங்கள் செய்தியாளர் ஒருவரை அந்த லாட்ஜுக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
வில்லாபுரம், மதுரை.