களப்பணியில் எங்கே தங்குகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் மானிடவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. பண்பாட்டு மானிடவியலின் சமகால விவாதங்களுக்கென்றே எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு தாள் இருக்கிறது. பசிபிக் தீவுகளான சமோவாவைப் பற்றி மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1928இல் எழுதியதை இன்னொரு மானிடவியலாளர் டெரெக் ஃப்ரீமன் 1983இல் மறுத்தார் என்பது போன்றவை தேர்வில் ‘குறிப்பு வரைக’ என்று வரும். பெயரையும் ஆண்டையும் நெட்டுருப்போட்டு எழுதிவிடுவோம். வகுப்பில் ஒருநாளாவது விவாதம் மூண்டதாக நினைவில்லை.

இத்தனைக்கும் மூள வேண்டிய விவாதம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது பொருளாதாரச் சுரண்டலுக்கான ஏற்பாடாகவே தெரிகிறது என்று 1974இல் வாதிட்டார். ஐந்தாண்டு கழித்து மைக்கேல் மொஃபாட், அதே மாவட்டத்துச் சேரி ஒன்றை ஆராய்ந்துவிட்டு, தங்களை விலக்கிவைத்த சாதிப் படிநிலையைத் தலித் மக்கள் தங்களுக்குள்ளும் அமைத்துக்கொள்வதால் அதன் மதிப்பீடுகளோடு அவர்களும் உடன்படுகிறார்கள் என்றார். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. நாளைய கூலிக்கு ஊர்த்தெருவையே நம்பியிருக்கும் ஒருவர், குறிப்பேட்டோடு வந்து நிற்கும் அந்நியரிடம் தம் மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவாரா என்ன?

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் இதைத் தம் அனுபவமாகவே எழுதியிருக்கிறார். 1961–62இல் தஞ்சை மாவட்டத்தில், ‘ஸ்ரீபுரம்’ என்று அவர் பெயர் மாற்றி எழுதிய ஊரில், அக்கிரகாரத்து வீடொன்றில் தங்கியிருந்ததால் ஆதிதிராவிடர்கள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

சென்ற பருவத்தில் பத்து நாள் களப்பணிக்குப் போன எங்களுக்கு ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டு மாடியைக் கொடுத்தார்கள். காலனியில் படிவம் நிரப்பப் போனபோது, உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் வாய் திறக்கும் முன்பே, “எங்கம்மா தங்கியிருக்கீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அப்படியா” என்றவர் மீண்டும் முறத்தைக் கையிலெடுத்துவிட்டார். அதன்பின் நான் எதைக் கேட்டாலும், “ஒரு குறையும் இல்லம்மா” என்பதே பதில். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். அறிக்கைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆட்டையும் மாட்டையும் எண்ணி எழுதக் கட்டம் இருந்த அந்தப் படிவத்தில், அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்விக்கு இடமில்லை.

ஆகவே, முதுகலைக் களப்பணி அறிக்கை ஒவ்வொன்றிலும், எங்கே தங்கினோம், யார் அழைத்துச் சென்றார்கள், யார் வீட்டில் சாப்பிட்டோம் என்பதை எழுதுவது கட்டாயமாக்கப்பட்டு, அதற்கும் மதிப்பெண் தரப்பட வேண்டும். பக்தவத்சல பாரதி போன்றோரின் நூல்களால் தமிழில் மானிடவியல் படிக்க முடிகிறது; ஆனால், நம் ஊர்களை வைத்தே நடந்த இந்த வாதங்களை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மென்ச்சரின் கட்டுரையையும் மொஃபாட்டின் ஓரிரு இயல்களையுமாவது பல்கலைக்கழகங்கள் மொழிபெயர்த்து ஒரே தொகுப்பாகத் தந்தால், அடுத்த ஆண்டு மாணவர்கள் களத்துக்குப் புறப்படும் முன் அவற்றை அருகருகே வைத்துப் படிக்கலாம்.

இப்படிக்கு,
முதுகலை மானிடவியல் மாணவி,
சென்னை.