சூர்யாவுக்கு, யாரும் கேட்காமல் போன சில ஆல்பங்கள் பற்றி

அன்புள்ள சூர்யா,

ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து பேண்ட் ஆரம்பித்திருக்கிறாய் என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய்: "நிர்வாணா வந்ததும் பழைய ஹார்ட் ராக் காலிம்மா, அதுக்கப்புறம் அவங்க போட்டதுல கேக்க ஒண்ணும் இல்ல." அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நிர்வாணா என்கிற அந்த அமெரிக்க ராக் பேண்ட் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1991 செப்டம்பரில் வந்த அவர்களுடைய 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனைக் கீழே இறக்கிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. போக வேண்டிய ஆல்பம்தான். எல்லாம் ஒரே ராத்திரியில் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே. அதே 1991 ஜூனில் பழைய ஹார்ட் ராக் பேண்டான ஸ்கிட் ரோவின் 'ஸ்லேவ் டு தி கிரைண்ட்' வந்த வாரமே முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. என் ஆதங்கம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பழைய பேண்டுகள் சில, அதுவரை செய்யாத அளவுக்கு உழைத்து நல்ல ஆல்பம் போட்டார்கள். கேட்கிறவர்களோ அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டார்கள்.

எக்ஸ்ட்ரீமை எடுத்துக்கொள். பாஸ்டன் பேண்ட். நீ காலேஜ் விழாவில் வாசித்த 'மோர் தேன் வேர்ட்ஸ்' அவர்களுடையதுதான். 1991-ல் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். அதே மாதிரி இன்னும் நாலு காதல் பாட்டு போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ 1992 செப்டம்பரில் 'த்ரீ சைட்ஸ் டு எவ்ரி ஸ்டோரி' என்று மூன்று பகுதியாக ஓர் ஆல்பம் கொண்டுவந்தார்கள். முதல் பகுதி 'யுவர்ஸ்': போரும் அரசியலும். 'ரெஸ்ட் இன் பீஸ்' வயலின்களில் ஆரம்பிக்கும். இது என்ன, தப்பான கேசட்டா என்று நினைக்கும்போதே கிடார் உள்ளே பாயும். 'பீஸ்மேக்கர் டை' பாட்டுக்குள் மார்ட்டின் லூதர் கிங்கின் குரலே கேட்கும். இரண்டாம் பகுதி 'மைன்', மனசுக்குள் இருக்கிற விஷயங்கள். மூன்றாம் பகுதி 'தி ட்ரூத்', மூன்று பாட்டு ஒன்றோடொன்று தொடர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு. கிடார் வாசித்த நூனோ பெட்டென்கோர்ட்டுக்கு அப்போது 26 வயசு. உன்னைவிடச் சின்னவன்.

உன் மாமா சென்னையிலிருந்து வாங்கி வந்த கேசட்டில்தான் இதை முதலில் கேட்டேன். சிடியில் இடம் பத்தாமல் 'டோன்ட் லீவ் மீ அலோன்' பாட்டைக் கேசட்டில் மட்டும்தான் வெளியிட்டார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்த ஆல்பமும் முதல் பத்துக்குள் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முந்தின ஆல்பம் விற்றதில் பாதி கூட இது எட்டவில்லை. இன்றைக்கும் எக்ஸ்ட்ரீம் என்றால் அந்த ஒரு காதல் பாட்டைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இது தாங்கவே முடியாத அநியாயம்.

விங்கர் என்கிற பேண்டின் கதை இன்னும் மோசம். 1993-ல் எம்டிவியில் வந்த 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' கார்ட்டூனில், எல்லோரும் மட்டம் தட்டுகிற பையனுக்கு விங்கர் பெயர் போட்ட டிஷர்ட்டை மாட்டிவிட்டார்கள். அதே வருஷம் வந்தது 'புல்'. பளபளப்பையெல்லாம் குறைத்து, கனமாக, கோபமாகச் செய்த ஆல்பம். அமெரிக்க சார்ட்டில் 83-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் பேண்டே கலைந்தது. கேலிக்கு ஆளான அந்தப் பேண்டின் பாடகர் கிப் விங்கர் பின்னாளில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதி, கிளாசிக்கல் பிரிவில் கிராமி பரிந்துரை வரை போனார். கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? உங்கள் டிரம்மரை 'பிளைண்ட் ரெவல்யூஷன் மேட்' கேட்கச் சொல். ராட் மார்கன்ஸ்டீன் அதில் அடிப்பது வெறும் தாளம் இல்லை; பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்.

மோட்லி குரூ பேண்ட் 1994-ல் பழைய பாடகர் வின்ஸ் நீல் இல்லாமல், ஜான் கோராபியைப் பாட வைத்து, பேண்டின் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். சத்தம் நன்றாக இருக்கும், பாட்டும் நன்றாக இருக்கும். பழைய ரசிகர்களுக்குப் பழைய குரல் வேண்டும், புது ரசிகர்களுக்கு அந்தப் பெயரே வேண்டாம். அவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்னாலும் இதை நீ முதலில் கேள்: கிங்ஸ் எக்ஸின் 'டாக்மேன்', 1994. மூன்றே பேர். பேஸ் வாசித்துப் பாடுகிற டக் பின்னிக்குக் கோயில் பாட்டுப் பாடிப் பழகியவர் போல ஒரு குரல். வயசு அப்போது 40-ஐத் தாண்டிவிட்டது. தயாரித்தவர் பிரெண்டன் ஓ'பிரையன். முந்தின வருஷம்தான், நிர்வாணா மாதிரியே புது அலையில் வந்த பேர்ல் ஜாம் பேண்டின் 'வெர்சஸ்' ஆல்பத்தைத் தயாரித்திருந்தார். அதாவது புது ரசனைக்குத் தகுந்த கனம், அதற்குத் தகுந்த ஆள், எல்லாமே இருந்தது. அப்படியும் இது 88-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. காலத்துக்கு ஏற்ற மாதிரி இவர்கள் மாறவில்லை என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒரு ஆல்பத்தைப் போட்டுக் காட்டு. இவர்கள் 1988-லிருந்தே அந்தக் கனத்தோடுதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நீ பேஸ் வாசிக்கிறவன். 'டாக்மேன்' முதல் பாட்டிலேயே பேஸும் கிடாரும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று கவனி. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிதான் விழும், நல்ல ஹெட்போன் போட்டுக்கொள். எக்ஸ்ட்ரீமின் அந்தக் கடைசி மூன்று பாட்டையும் நடுவில் நிறுத்தாமல் கேள், ஷஃபிளில் போட்டுவிடாதே. எது பிடித்தது என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். பிடிக்காவிட்டாலும் சொல், முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா