விலை ஏன் ஏறியது, புயலை ஏன் இழுத்தேன்: முந்திரிக்கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். பண்ருட்டியிலிருந்து உங்கள் முந்திரிக்கடைக்காரன் எழுதுகிறேன். போன வாரம் முழுப் பருப்புக்குக் கிலோவுக்கு 80 ரூபாய் ஏற்றிவிட்டு, "பூமி சூடாகிறது, புயல் பெருகிவிட்டது, அதனால் விளைச்சல் இல்லை" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டேன். அது எங்கெங்கோ சுற்றி, கடைசியில் என் மச்சான் மூலமாக எனக்கே திரும்பி வந்தது. வரும்போது சும்மா வரவில்லை. நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா, "1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அதுவும் உங்கள் பூமிச் சூட்டால்தானா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வேறொருவர், "புயல் பேரைச் சொல்லிக் காசு பார்க்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்.

விலை அதிகம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' என்று பேர் வைத்த புயல் கரை ஏறியபோது நாங்கள் வீட்டுக்குள் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றோம். காற்று அடங்கியதும் அப்பாவும் நானும் காடாம்புலியூர் பக்கம் இருந்த தோப்புக்குப் போனோம். போனோம் என்றால், சாய்ந்து கிடந்த கிளைகளுக்கு அடியில் தவழ்ந்து போனோம். பூவெடுக்க இன்னும் சில வாரம்தான் இருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, விழுந்த மரத்திலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முந்திரியும் பலாவும் போன அந்த வருஷத்தை இந்த ஊரில் யாரும் காசு பார்க்கப் பயன்படுத்தவில்லை ஐயா.

சரி, வாத்தியார் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். புயல் அன்றும் வந்ததே என்று அவர் கேட்பதில் பாதி சரி. "புயல் பெருகிவிட்டது" என்று நான் எழுதியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரிக் கன்று வாங்கப் போய்ப் பழகிய ஒரு தம்பி உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். புயல் உருவாகக் கடல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், ஆனால் சூடு மட்டும் போதாது, மேல்காற்றும் கீழ்க்காற்றும் வேறு வேறு பக்கம் இழுத்தால் புயல் பிய்ந்துபோகும். அதனால் கடல் சூடானாலும் உலக அளவில் புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டதாகச் சொல்ல முடியாதாம், நம் வங்கக்கடலில் நீண்ட காலக் கணக்கில் குறைந்துகூட இருக்கிறதாம். (அரபிக்கடல் கதை வேறு, 2019-ல் அங்கே ஒரே வருஷத்தில் ஐந்து புயல்.)

ஆனால் மீதிப் பாதி எனக்குச் சாதகம். பருவநிலை மாற்றத்தை ஆராய்கிற ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை, கடந்த நாற்பது வருஷத்தில் மொத்தப் புயல்களில் கடும் புயல்களின் பங்கு உலக அளவில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது. மளமளவென்று வலுக்கிற புயல்களும் அப்படியே. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், அது மழையாகத்தானே இறங்கும். எங்கள் தொழிலில் சொன்னால், வறுக்கிற சட்டியில் சூடு ஏறினால் பருப்பின் எண்ணிக்கை கூடாது, கருகுகிற வேகம்தான் கூடும். தனுஷ்கோடிப் புயல் அன்றும் வந்தது, நாளையும் அதுபோல வரும், வரும்போது கூடுதல் தண்ணீரோடு வரும், உயர்ந்திருக்கிற கடல்மட்டத்தின் மேல் ஏறி வரும். அதற்காக எந்தவொரு புயலையும் காட்டி "இது பூமிச் சூட்டால் வந்தது" என்று அடித்துச் சொல்லக் கூடாது என்றும் தம்பி எச்சரித்தார். 'தானே' புயலையும் சேர்த்துத்தான்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்ததே, காற்று 'தானே' புயல் அளவுக்கு இல்லை. ஆனால் கரை ஏறிய பிறகும் நகராமல் உட்கார்ந்துகொண்டது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, சாத்தனூர் அணையும் திறந்து தென்பெண்ணை கரை புரண்டது. எங்கள் கிடங்கில் முழங்கால் தண்ணீர். அந்தச் சமயம் அனுப்பிய கால் கிலோ பொட்டலங்களில் சில நமுத்துப்போயிருந்தன, மன்னிக்கவும். கொட்டை உடைக்கிற அக்காமார் இரண்டு பேர் அப்புறம் வேலைக்குத் திரும்பவில்லை, இருப்பவர்களுக்குக் கூலி கூட்டியிருக்கிறோம்.

அந்த நமுத்த பொட்டலத்தைக்கூடத் திருப்பி அனுப்பாமல், "வறுத்துச் சாப்பிட்டுவிட்டோம், கவலைப்படாதீர்கள்" என்று போன் செய்த கும்பகோணத்து அம்மாவையும், 'தானே' புயல் வந்த வருஷம் பருப்பு இல்லாதபோதும் முன்பணம் அனுப்பிவைத்த மதுரை வீட்டாரையும் நாங்கள் மறக்கவே மாட்டோம்.

80 ரூபாயைக் குறைக்க வழியில்லை. தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஐப்பசி பிறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், மழை பிடித்துக்கொண்டால் காயவைக்க முடியாது. வாத்தியார் ஐயாவுக்கு மட்டும் இந்த முறை பழைய விலை.