மின்சாரம் வந்தும் எழும்பாத இணையத்தளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சில சங்கங்களும் பாடசாலைகளும் சிறு நிறுவனங்களும் தங்கள் இணையத்தளத்தை அலுவலக மூலையில் இருக்கும், உபுந்து (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட கணினி ஒன்றிலேயே ஓடவிட்டிருக்கின்றன. மின்சாரம் போய் வந்தால் கணினி எழும்பும், தளம் எழும்பாது. "கரண்ட் அடிச்சுப் போட்டுது" என்பார் ஒருவர். "ஆரோ ஹாக் பண்ணிப் போட்டாங்கள்" என்பார் இன்னொருவர். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவக் காசு கொடுப்பார்கள். அழிக்குமுன் சேவையகத்தின் (தளத்தைப் பார்ப்பவர்களுக்கு அனுப்பும் மென்பொருளின்) கொன்ஃபிக் கோப்பை, அதாவது அதன் அமைப்புகளை எழுதிவைத்த கோப்பை, ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இப்படியான சேவையக மென்பொருள்களில் ஒன்றான என்ஜின்எக்ஸ் (nginx) தன் கொன்ஃபிக் கோப்பை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தொடங்கும்போது வாசிக்கும், ரீலோட் (மீண்டும் வாசி) சொன்னால் வாசிக்கும், அவ்வளவுதான். ரீலோட்டில் பிழை கண்டால் புதியதைத் தள்ளிவிட்டுப் பழைய அமைப்பிலேயே ஓடும். தை மாதம் ஒருவர் பிழையாக எழுதிவைத்த வரி, மின்சாரம் போகும் நாள்வரை ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கலாம். அன்றைக்குக் கோப்பை முதலிலிருந்து வாசிக்க வேண்டி வரும்போது சேவையகம் தொடங்க மறுக்கும். பழி மின்வெட்டின் தலையில் விழும்.

மாற்றிய கையோடு கட்டளைத் திரையில் "சூடோ என்ஜின்எக்ஸ் -ரி" (sudo nginx -t) என்று அடித்தால் பிழை தெரிந்துவிடும். இங்கே ரி சிறிய எழுத்து. சூடோ (நிர்வாகி அனுமதி) இல்லாமல் அடித்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழின் ரகசியச் சாவிக் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று வரக்கூடும். அதையே பழுதென்று எண்ணிச் சாவிக் கோப்பை எல்லாருக்கும் திறந்துவிடுவது கூடவே கூடாது. ரியைப் பெரிய எழுத்தில் அடித்தால், சோதனையோடு இன்க்ளூட் (சேர்) கட்டளை மூலம் சேர்ந்த அத்தனை கோப்புகளையும், எது எந்தக் கோப்பு என்ற தலைப்புடன் திரையில் கொட்டும். எந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறும்போது இதைவிட நல்ல வழி இல்லை.

பிழைச்செய்தியில் வரும் வரி எண்ணை அப்படியே நம்பக்கூடாது. என்ஜின்எக்ஸுக்கு வரி முடிவு ஒரு பொருட்டே அல்ல. அரைப்புள்ளி வரும்வரை வாசித்துக்கொண்டே போகும். தளக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைச் சொல்லும் ரூட் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டு அடுத்த வரி இன்டெக்ஸ் என்று இருந்தால், "ரூட் கட்டளைக்கு மதிப்புகளின் எண்ணிக்கை பிழை" என்று சொல்லி இன்டெக்ஸ் வரியின் எண்ணைக் காட்டும். பிழை ஒரு வரி மேலே. நெளி அடைப்பு ஒன்று மூடப்படாவிட்டால் கோப்பின் கடைசி வரியைக் காட்டும். தேட வேண்டியது அந்தக் கோப்பு முழுவதையும். அப்பாச்சி என்ற மற்றொரு சேவையக மென்பொருள் இந்த விடயத்தில் நல்ல பிள்ளை. "அப்பாச்சிசிரிஎல் கொன்ஃபிக்ரெஸ்ட்" (apachectl configtest) என்று அடித்தால், மூடாத வேர்ச்சுவல்ஹோஸ்ட் (ஒரு தளத்துக்குரிய) பகுதி எந்த வரியில் திறக்கப்பட்டதோ அந்த வரியையே சொல்லும். ஆனால் தளத்தின் கோப்புறைகளுக்குள் வைக்கும் எச்ரிஅக்சஸ் (.htaccess) என்ற சிறு அமைப்புக் கோப்புகளை அது சோதிக்காது. அவை ஒவ்வொரு கோரிக்கையின்போதும் வாசிக்கப்படுபவை. அவற்றில் பிழை இருந்தால் அந்தக் கோப்புறையிலும் அதன் உட்கோப்புறைகளிலும் மட்டும் 500 (சேவையகப் பிழை) வரும்.

சோதனையில் தேறியும் தளம் வராத ஒரு வகை உண்டு. தளத்தின் பெயரைச் சொல்லும் சேர்வர்_நேம் வரியில் அரைப்புள்ளி விடுபட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டளை எத்தனை பெயரையும் ஏற்கும். அடுத்த வரியில் இருக்கும் ரூட் என்ற சொல்லையும், தளத்தின் கோப்புறைப் பாதையையும் இரண்டு டொமைன் பெயர்களாக விழுங்கிவிட்டு, சோதனை வெற்றி என்று சொல்லும். பாதையில் சாய்கோடு இருப்பதால் "சந்தேகத்துக்குரிய குறிகள்" என்று ஒரு எச்சரிக்கை மட்டும் மேலே வரும். வெற்றி என்ற சொல்லைக் கண்டதும் அதை யாரும் வாசிப்பதில்லை. ரூட் இல்லாமல் போனதால் உபுந்துவில் தளத்துக்குப் பதிலாக "வெல்கம் டு என்ஜின்எக்ஸ்" பக்கம் வந்து நிற்கும். பார்ப்பவர்கள் தளம் அழிந்துவிட்டது என்று பதறுவார்கள். ஒரு அரைப்புள்ளி போட்டு ரீலோட் கொடுத்தால் திரும்பி வரும்.

மின்சாரம் வந்தபின் தொடங்காமல் நிற்பதற்குக் கோப்பில் எழுத்துப்பிழையே தேவையில்லை. "ஜேர்னல்சிரிஎல் -யு என்ஜின்எக்ஸ் -பி" (journalctl -u nginx -b) என்று அடித்துப் பாருங்கள். 98 என்ற எண்ணுடன் முகவரி பாவனையில் உள்ளது என்று வந்தால், 80ஆம் போர்ட்டை (தளத்துக்கான கோரிக்கைகள் வரும் வாசலை) வேறொன்று முந்திப் பிடித்துவிட்டது. பெரும்பாலும் எப்போதோ நிறுவி மறந்த அப்பாச்சி. இதைச் சின்ன ரி சோதனை பிடிக்காது. அப்பாச்சி தேவையில்லை என்றால் தானாகத் தொடங்காதபடி நிறுத்திவிடுங்கள். 99 என்று வந்தால், லிசன் வரியில் எழுதிய ஐ.பி. முகவரி அந்த நேரத்தில் கணினிக்கு இன்னும் கிடைக்கவில்லை. றவுட்டர் கணினியை விட மெதுவாக எழும்பினால் இப்படித்தான் ஆகும். முகவரியை எடுத்துவிட்டு போர்ட் எண்ணை மட்டும் விட்டால் போதும். மூன்றாவது, கோரிக்கையை வேறொரு சேவைக்குக் கடத்தும் புறொக்ஸி_பாஸ் வரியில் எழுதிய பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. அந்தப் பெயருக்குரிய முகவரியைத் தொடங்கும்போதே தேடுவதால், இணைப்பு வரத் தாமதித்தால் முழுச் சேவையகமும் தொடங்காது. உள்ளூர்க் கணினிதான் என்றால் பெயருக்குப் பதில் ஐ.பி. முகவரியை எழுதுங்கள். இந்த மூன்றிலும் சில நிமிடம் கழித்துக் கையால் தொடங்கினால் பின்னைய இரண்டும் தாமாகவே சரியாகும். அதனால்தான் "பேய்ப் பழுது" என்று பெயர் வாங்குகின்றன.

வாட்ஸ்அப்பிலும் வேர்ட்டிலும் கொன்ஃபிக் வரிகளை வைத்துப் பரிமாறுவது இன்னொரு தலையிடி. வேர்ட் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். சேவையகத்துக்கு அது மேற்கோளே அல்ல. விண்டோஸ் நோட்பேட்டில் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பொம் குறி இருந்தால், "சேர்வர் என்ற கட்டளை தெரியாது" என்று வரும். எழுத்து எழுத்தாகப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும். "கற் -ஏ" (cat -A) என்று பெரிய ஏயுடன் கோப்பைத் திறந்தால் மறைந்திருப்பவை எல்லாம் வெளியே வரும். வரி முடிவில் தெரியும் எம் (^M) குறியைக் கண்டு பயப்பட வேண்டாம், என்ஜின்எக்ஸ் அதைப் பொருட்படுத்தாது.

மாற்றுமுன் பிரதி எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அதை, இயங்கும் தளங்களின் கொன்ஃபிக் கோப்புகள் இருக்கும் சைற்ஸ்-எனேபிள்ட் கோப்புறைக்குள்ளேயே வைக்காதீர்கள். உபுந்துவின் என்ஜின்எக்ஸ் அங்குள்ள எல்லாக் கோப்பையும் வாசிக்கும், முடிவில் பேக் (.bak) என்று பெயரிட்டதையும் சேர்த்து. ஒரே பெயரில் இரண்டு தளம் இருப்பதாக எச்சரித்துவிட்டு, இரண்டாவதைப் புறக்கணிக்கும். நீங்கள் திருத்துவது அந்த இரண்டாவதாக இருந்தால் எத்தனை முறை ரீலோட் கொடுத்தாலும் ஒன்றும் மாறாது.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை விண்ணப்பப் படிவத்தில் ஏற்றினால் 413 (அனுப்பியது மிகப் பெரிது) வருவது எளிய விடயம்: என்ஜின்எக்ஸின் இயல்பு எல்லை 1 எம்.பி., தளத்தின் நிரல்களை ஓட்டும் பி.எச்.பி.யின் கோப்பு எல்லை 2 எம்.பி. இரண்டு எல்லைகளையும் உயர்த்த வேண்டும். உபுந்து 22.04இலிருந்து 24.04க்கு மாறியபின் 502 (பின்னால் உள்ள சேவையிடமிருந்து பதில் இல்லை) வந்தால், பி.எச்.பி. 8.1 போய் 8.3 வந்திருக்கும், கொன்ஃபிக்கில் பழைய சொக்கெற் (என்ஜின்எக்ஸும் பி.எச்.பி.யும் பேசிக்கொள்ளும் இணைப்பு) பாதையே நிற்கும். எரர் லொக்கில் (பிழைப் பதிவில்) அந்தப் பாதை முழுதாகவே எழுதியிருக்கும். சின்ன ரி சோதனை இதையும் பிடிக்காது.

தமிழ் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு: டொட் இலங்கை என்று முடியும் பெயரைச் சேர்வர்_நேம் வரியில் தமிழிலேயே எழுதினால் சோதனை தேறும், தளம் வராது. உலாவி அனுப்புவது, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் மாற்றி எழுதும், எக்ஸ்என் என்று தொடங்கி இரு சிறுகோடு வரும் (xn--) புனிகோட் வடிவத்தை. அதையே எழுத வேண்டும்.

தளம் அமைத்துத் தருபவரிடம் பணம் கொடுக்குமுன், உங்கள் கண்முன்னே கணினியையும் றவுட்டரையும் ஒன்றாக நிறுத்தித் திரும்ப இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெரிய ரி கொட்டிய வெளியீட்டையும் ஒரு கோப்பாகக் கேட்டு வாங்கி வையுங்கள். வவுனியாப் பல்கலைக்கழகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும் அறிவியல்நகரும் தூரமில்லை. தெரிந்த மாணவர் ஒருவரிடம் அந்தக் கோப்பையும் எரர் லொக்கின் கடைசி 50 வரிகளையும் காட்டலாம். ஆனால் புறொக்ஸி வரிகளில் கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ எழுதப்பட்டிருக்கக்கூடும். வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் அவற்றை அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சேவையகப் பராமரிப்பில் உள்ள சிலர்,
கிளிநொச்சி.