கிரீஸ் இல்லடா, ஆயில்

கோவென்ட்ரி
ஞாயிறு இரவு

டேய் சோடா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ திட்டுவாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி. ஒன்பது மாதமாக எழுதவில்லை. அப்பா போன சேதி வந்த அன்று வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற படம் இரண்டு போட்டேன், அவ்வளவுதான். போனை எடுத்தேன், என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்தேன், நாளைக்குப் பேசலாம் என்று நினைத்தேன், அப்புறம் காரியமெல்லாம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் கூப்பிட்டால் இத்தனை நாள் எங்கேடா போனாய் என்று கேட்பாயே என்று பயம். இதற்கு மேல் சாக்கு இல்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு ஒரு முட்டி மாற்றியாகிவிட்டது, இன்னொன்று வரிசையில் நிற்கிறது. பெரியவளுக்கு லெஸ்டரில் வேலை. குள்ளன் பேரனுக்கு மொட்டை போட்ட படம் பார்த்தேன், அப்படியே குள்ளன்தான், காது குத்தும்போது அழுத அழுகை உட்பட. வீட்டில் என்னோடு சரியாகப் பேசி ஆறு வாரம் ஆகிறது. அதற்குக் காரணம்தான் இந்தக் கடிதம்.

என் பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் முன்சக்கரம் மடங்கிவிட்டது.

பஞ்சர் இல்லை, கழன்றும் ஓடவில்லை. மடங்கியே விட்டது. பெரியவள் வந்திருந்தாள், வெயிலும் இருந்தது, இந்த ஊரில் இரண்டும் ஒரே நாளில் அமைவது அபூர்வம். கூரையை மடக்கிவிட்டு வார்விக் வரை போய்விட்டு, ஏ46 சாலையில் அறுபது மைல் வேகத்தில் திரும்பினோம். லாரிகளுக்குப் பக்கத்தில் போகும்போது அவற்றின் சக்கரத்து நட்டு நம் காது உயரத்தில் சுற்றும், அவ்வளவு தாழ்ந்த வண்டி. வீட்டு வாசலுக்கு வந்து, ரிவர்ஸில் உள்ளே விடுவதற்காக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம். வண்டியின் மூக்கு இடது பக்கம் தரையில் இடித்தது. இறங்கிப் பார்த்தால், மாடு முன்னங்காலை மடித்துப் படுக்குமே, அதே மாதிரி சக்கரம் மட்கார்டுக்கு அடியில் சாய்ந்து கிடக்கிறது.

பெரியவள் முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே கணக்குத்தான் ஓடியது: பத்து நிமிடத்துக்கு முன்னால் நாங்கள் எங்கே இருந்தோம், என்ன வேகத்தில் இருந்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

உடைந்தது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அப்பாவின் ஹெரால்டு காரில் இருந்ததும் இதுவேதான். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு அந்த வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க மட்டும்தான் தெரியும். முன்சக்கரத்துக்குப் பின்னால் எஃகுத் துண்டு ஒன்று செங்குத்தாக நிற்கும். அதன் கீழ்முனையில் போல்ட்டு மாதிரி மரை இருக்கும், அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைதான் டிரனியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு பித்தளைக்குள் திரும்புகிறது, அந்தப் பக்கத்துப் பாரமும் அந்த மரை வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய். எண்ணெய் என்றால் மரையின் கடைசிச் சுற்று வரைக்கும் தானே இறங்கும், உள்ளே போன தண்ணீரையும் வெளியே தள்ளும். கிரீஸ் போட்டால் போட்ட இடத்திலேயே நின்று இறுகிவிடும். மேலே தண்ணீர் தங்கும், எஃகு துருப்பிடித்துச் சொத்தையாகும், ஒரு நாள் மரை தொடங்குகிற இடத்தில் சட்டென்று முறியும். அதுவும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்புகிற நேரத்தில்தான் பெரும்பாலும் முறியுமாம். நாங்கள் பிழைத்தது அதனால்தான்.

இப்போது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். ஜி.எஸ்.டி. ரோடு சர்வீஸ் ஸ்டேஷன். கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு அந்தப் பையன் வண்டிக்கு அடியில் நுழைகிறான். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கிரீஸ் இல்லடா, ஆயில்! நைன்ட்டி ஆயில்!" நாம் இரண்டு பேரும் பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆயில் அப்பா என்று பேர் வைத்ததே நான்தானே. காலேஜில் ஜாக்கிரதையாக இரு என்று யார் சொன்னாலும் "நைன்ட்டி ஆயில்!" என்று கத்துவோமே.

அந்த நான், மூன்று வருடம் அந்த டிரனியனுக்குக் கிரீஸ் அடித்திருக்கிறேன். என் கையால். ஒவ்வொரு வசந்தத்திலும், சிரத்தையாக, வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அங்கே கிரீஸ் கன்னின் வாயைப் பொருத்துகிற நிப்பிள் மாட்டி வைத்திருந்தார், நிப்பிள் இருந்தால் கிரீஸ்தானே என்று நானும் அடித்தேன். கம்பெனி புத்தகத்தில் எண்ணெய் என்றுதான் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன், என் கட்டைவிரல் அச்சு கூட அதில் இருக்கிறது. படித்தேன் என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு கூத்தைக் கேள். முதலில் வந்த ஸ்பிட்ஃபயர்களில், ஹெரால்டு மாதிரியே, வளைவில் திடீரென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. 1970-ல் மார்க் 4 வந்தபோதுதான் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையை நடுவில் அசைகிற மாதிரி மாற்றி அதைச் சரிசெய்தார்கள். அதனால் நான் மார்க் 4-தான் வேண்டும் என்று ஒரு வருடம் தேடி, 1973 வண்டியைப் பிடித்தேன். பின்சக்கரம் மடங்கக் கூடாது என்று அத்தனை ஜாக்கிரதை!

சரி, ரிப்பேர் கதை. பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தக் காலத்தில் இந்த வண்டியைச் செய்த கேன்லி தொழிற்சாலையில் லைனில் நின்றவர். வந்து குனிந்து பார்த்தார், விரலால் கிரீஸைத் தொட்டு முகர்ந்தார், ஒரு விசில் அடித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் ரம்பத்தோடு திரும்பி வந்தார். ரம்பம் எதற்கு என்று அப்போது புரியவில்லை. டிரனியனைச் சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கையோடு சேர்க்கிற போல்ட்டு இருக்கிறதே, அது உள்ளே இருக்கிற இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டது. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன், சுத்தியலால் கெஞ்சினேன், சூடு காட்டினேன். அசையவில்லை. கடைசியில் அந்த ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்பு கொட்டுவார்கள், ஐம்பது வருடத்து உப்பில் வண்டி முழுக்க ஊறுகாய் மாதிரி ஊறியிருக்கிறது.

வெளியே எடுத்ததும் உடைந்த முகத்தைப் பார்த்தேன். முக்கால்வாசி வட்டம் காப்பிப்பொடி நிறம், பழைய விரிசல். கால்வாசிதான் புதிதாக முறிந்து வெள்ளி மாதிரி மின்னியது. அந்தக் கால்வாசியில்தான் நாங்கள் வார்விக் போய் வந்திருக்கிறோம். பித்தளைக்குள் தங்கியிருந்த மிச்ச மரையைத் திருகி எடுத்தால், என் கிரீஸ் காய்ந்த புளி மாதிரி மேலே உருண்டு கிடக்கிறது. அதற்குக் கீழே ஒரு பொட்டு ஈரமில்லை.

வலது பக்கத்தையும் கழற்றினேன். அங்கேயும் அதே புளி. விரிசல் இல்லை, ஆனால் மரைக்கு மேல் துருக்கோடு ஒன்று மோதிரம் மாதிரி ஓடியது. இரண்டு பக்கமும் புதிது போட்டேன். இரண்டு பக்கத்து மரையும் எதிரெதிராகச் சுற்றும், இது தெரியாமல் ஒரு மணி நேரம் தப்பான கட்டையை வைத்துக்கொண்டு கடைக்காரனைத் திட்டினேன், தப்பு என்னுடையதுதான். முழுக்கத் திருகி முட்டியதும், இரண்டு பக்கமும் ஸ்டீயரிங் தடையில்லாமல் ஒடிகிற அளவுக்குக் கொஞ்சம் பின்னால் திருப்பி விட வேண்டும். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் அதன் ஓஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்ட வேண்டும். இதெல்லாம் நம்ம பாய் ஷெட்டில் பார்த்ததுதான், கை மறக்கவில்லை. மறந்தது காதுதான்.

இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்சின் மொத்தமும் வெட்டவெளியில் இருக்கும். முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். உன் அப்பா பிளக் துடைக்கும்போது ஆளுக்கு ஒரு டயரில் நாம் உட்கார்ந்திருப்போமே, அதே உட்கார்வு. என்ன, இப்போது எழுந்திருக்க ஒருத்தர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பாகம் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் கேன்லிக்குப் போனேன். ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நின்ற இடம். 1980 ஆகஸ்டோடு கடைசி ஸ்பிட்ஃபயர் முடிந்தது, இப்போது அங்கே அலுவலகங்களும் கிடங்குகளும்தான். இந்த வண்டி பிறந்ததே ஒரு கதை. ஹெரால்டை வரைந்த மிச்சலோட்டிதான் இதையும் வரைந்தார். மாதிரி வண்டி தயாராகி நிற்கும்போது கம்பெனியில் காசு தீர்ந்துவிட்டது, துணி போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961-ல் லேலண்டுக்காரர்கள் இந்தக் கம்பெனியை வாங்கியதும், வந்தவர்கள் சுற்றிப் பார்க்கும்போது துணியை விலக்கிப் பார்த்து, இதைச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மறு வருடம் அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் நின்றது. அந்த மூலை எங்கே இருந்திருக்கும் என்று கார் பார்க்கில் கொஞ்ச நேரம் சுற்றினேன், செக்யூரிட்டி வந்து என்ன வேண்டும் என்று கேட்டான்.

ஆனால் திரும்பும்போது ஒரு தெருப்பலகை பார்த்தேன். ஹெரால்டு அவென்யூ. உன் அப்பாவின் வண்டி நம் வண்டலூர் தொழிற்சாலையில் பூட்டியது. ஆனாலும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றபோதுதான், அவர் போனது எனக்கு முதல்முறையாக உறைத்தது, சோடா. படம் எடுத்தேன், ஆடிவிட்டது, ஆனாலும் இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொரு பயம் இப்போது பிடித்திருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் வண்டியில் 948 சிசி, என்னுடையதில் 1296, இரண்டுக்கும் பாட்டன் ஒன்றுதான், 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட்டுக்குப் போட்ட 803 சிசி எஞ்சின். அதையே நோண்டி நோண்டி 1493 வரைக்கும் கொண்டுபோனார்கள். இந்த எஞ்சினில் கிராங்க் என்கிற சுழல்தண்டு முன்னும் பின்னும் ஆடாமல் இருக்கப் பிறை மாதிரி இரண்டு தகடு இருக்கும், அது தேய்ந்தால் நழுவி எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும், அப்புறம் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, ஒருத்தர் கிளச்சை மிதிக்க இன்னொருத்தர் முன்னால் குனிந்து புல்லி எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் மிதிக்கச் சொன்னேன். அந்த வண்டியில் இனிமேல் கால் வைக்க மாட்டேன், கிளச்சில் கூட வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கிழவர்தான் மிதித்தார். ஆறு பங்கு. சரி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, அடுத்து எது என்று.

அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நம் ஊர் எஃப்.சி. மாதிரி இங்கே வருடா வருடம் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை உண்டு. 2018 மே முதல், நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு அது கட்டாயமில்லை. வரியும் அவற்றுக்கு இல்லை. வேண்டுமென்றால் நாமாகக் கொண்டுபோய்க் காட்டலாம். நான் காட்டவில்லை. காசு மிச்சம் என்று உன்னிடமே பீற்றியிருக்கிறேன், அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போடு. காட்டியிருந்தாலும் உள்ளே இருந்த விரிசல் அவர்கள் கண்ணிலும் பட்டிருக்காது, ஆனால் கிரீஸைப் பார்த்து யாராவது ஒருத்தர் விசிலாவது அடித்திருப்பார். இனிமேல் வருடம் தவறாமல் காட்டப் போகிறேன், பெரியவளுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் வண்டியை விற்றுவிடு என்று சொல்லவில்லை. கேட்டது வேறு: யாருக்காவது முன்னாடியே தெரிந்திருக்குமா, அப்பா? தெரியும் என்றேன். யார் என்று கேட்டாள். அன்றைக்குத்தான் ஆயில் அப்பா கதையை முழுக்கச் சொன்னேன்.

அம்மா எப்படி இருக்கிறார்கள்? சனிக்கிழமை உனக்குக் காலை பத்து மணி சுமாருக்குக் கூப்பிடுகிறேன், எடு. எடுத்ததும் திட்டு, பரவாயில்லை.

ஒரு காரியம் செய். அப்பா அந்த ஆயில் அடிக்க ஒரு பித்தளை கன் வைத்திருந்தாரே, பிடியில் சிவப்பு ரிப்பன் சுற்றி, கிரீஸ் கன்னோடு கலந்துவிடாமல் இருக்க. இங்கே நான் வாங்கியது எல்லாப் பக்கமும் ஒழுகுகிறது, டிரனியனுக்குப் போவதைவிட என் சட்டைக்குப் போவதுதான் அதிகம். ஹெரால்டு போனாலும் அவருடைய சாமான் பெட்டி மாடிப்படிக்குக் கீழேதானே இருந்தது? பார்த்துச் சொல். இருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதே, டிசம்பரில் வருகிறேன்.

உன்,
நெட்டை